கைப்பிடி வைத்த கொய்யா

அண்ணியைப் பற்றி நான் எழுதினால் குறை சொல்வதில்தான் போய் முடியும் என்று என் அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். நாத்தனார் எழுதுவதில் வேறென்ன இருக்கப்போகிறது என்பது அவன் எண்ணம். குறை இருக்கிறது, சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலில் அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குறை முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

பெட்ரோல் பங்க்கை ஒட்டியிருக்கும் நர்சரியில் அண்ணி பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறாள். பச்சை நிழல்வலைக்குக் கீழே, கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாகச் செடிகள். முழங்கால் உயரம் வந்ததும் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அண்ணி ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்திருக்கிறாள், ஒரு மரத்தைக்கூட வளர்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாதிரி, அவளிடம் இருக்கும்வரை எல்லாம் குட்டிகள்தான்.

அங்கே அவளுக்குக் 'கேள்விக்காரம்மா' என்று பெயர். வருகிறவர்கள் கேட்கிற செடியை எடுத்துக் கொடுக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. மூன்று கேள்வி கேட்பாள். வெயில் எந்தப் பக்கம் வரும்? தண்ணீர் யார் ஊற்றுவார்கள்? அந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் இருப்பீர்கள்?

மாங்கன்று வாங்க வந்த ஒருவர் ஒருநாள் என் முன்னாலேயே எரிந்து விழுந்தார். "ஏம்மா, நான் செடி வாங்க வந்தேனா, இன்டர்வியூவுக்கு வந்தேனா?"

"சொல்லுங்க சார், எத்தனை வருஷம்?"

"வாடகை வீடு. அடுத்த வருஷம் மாத்தினாலும் மாத்துவோம்."

"அப்ப மா வேணாம். நீங்க தண்ணி ஊத்துவீங்க, வேற யாரோ தின்பாங்க. குரோட்டன்ஸ் வெச்சுக்கோங்க. போகும்போது தொட்டியோட தூக்கிட்டுப் போகலாம்."

வாடகைக்கு இருப்பவர்களுக்குக் குரோட்டன்ஸ், சொந்த வீட்டுக்காரர்களுக்கு மரம். இரண்டு நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லி, செடியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். ஒருவரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மூன்றாவது கேள்வி சும்மா வந்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அண்ணனும் அண்ணியும் ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கிறார்கள். ஒரு ஓனருக்கு மகன் திரும்பி வருகிறான், ஒரு ஓனருக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஒரு ஓனருக்கு மாடியில் அண்ணி வைத்த தொட்டிகளிலிருந்து தண்ணீர் இறங்கிச் சுவர் ஊறுகிறது. ஒருத்தர் காரணமே சொல்லவில்லை, மாசக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்றார், அவ்வளவுதான். இந்த ஒன்பது பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒத்துப்போனது ஒரே விஷயத்தில். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் அவர்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் சுவரையே பார்த்ததில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் ஃபிரிட்ஜ் மேலே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மணி சொல்லும்.

மூன்றாவது வீட்டில் அண்ணி ஏமாந்துபோய் ஒரு கொய்யாவைத் தரையில் நட்டுவிட்டாள். அந்த ஓனர் நல்ல மனுஷன் மாதிரி இருந்தார். இரண்டரை வருஷம் போயிற்று. முதன்முதலாகப் பதினாலு காய் பிடித்தது. தினமும் காலையில் எண்ணுவாள். காய் பழுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். பழுத்ததும் வந்து நாலு பறித்துக்கொள்ளலாமா என்று அண்ணி கேட்டாள். "பாக்கலாம்மா," என்றார் அந்த ஓனர். அடுத்த ஒரு வருஷம் வேலைக்குப் போகிற பஸ் அந்தக் காம்பவுண்டுச் சுவர் வழியாகத்தான் போகும். அண்ணி எதிர்ப்பக்க ஜன்னலோரமாகப் பார்த்து உட்காருவாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் தரையில் எதுவும் இறங்கியதில்லை. எல்லாம் தொட்டி, எல்லாம் பை.

இப்போது அண்ணனைச் சொல்கிறேன். அவன் பிளம்பர். ஊரில் பாதி வீட்டுக் குழாய் தன் கை பட்டது, மீதிப் பாதிதான் ஒழுகுகிறது என்று பெருமையடிப்பான். அவன் வீட்டுச் சமையலறைக் குழாய் எந்தப் பாதியில் சேர்த்தி என்று பல தடவை கேட்டிருக்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் ஒரு சின்ன வீடு வாங்கினான். இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறைக் கதவைத் திறந்தால் பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மண்தரை. மற்றதெல்லாம் சிமெண்ட். அந்தக் கட்டிலளவு மண்ணில் ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும். அங்கே ஆரம்பித்தது வினை.

"கொய்யா வைப்போம்," என்றான் அண்ணன்.

"குரோட்டன்ஸ் வைப்போம்," என்றாள் அண்ணி.

"குரோட்டன்ஸ்ல என்ன காய்க்கும்?"

"ஒண்ணும் காய்க்காது. அதான் நல்லது. அணில் வராது, வௌவால் வராது, எவனும் கல்லெறிய மாட்டான்."

"அணில் வந்தா வந்துட்டுப் போகட்டுமே. அதுவும் ஒரு உசுருதானே?"

"பாதி கடிச்சுக் கதவுகிட்ட போட்டுட்டுப் போகும்ல, அப்ப கேக்கறேன் உசுரான்னு."

இரண்டு பேரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆளுக்காள் அடுத்தவர் தொழிலை எடுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். "கொய்யா வேர் சாக்கடை பைப்பைத் தேடிப் போகும். ஜாயின்ட் இருக்கற இடத்துல முடியளவு நுழைஞ்சு உள்ள போய்ப் பெருத்து அடைச்சுக்கும்," என்றாள் அண்ணி. "குரோட்டன்ஸுக்கு மாவுப்பூச்சி வரும். இலைக்கு அடியில பஞ்சு பஞ்சா ஒட்டும். ஒரு செடிக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும்," என்றான் அண்ணன். இத்தனை வருஷமாகச் சாப்பிடும்போது ஒருவர் புலம்பியதை மற்றவர் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மத்தியஸ்தத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கறுப்பாக விழுந்து வீணான ஒரு தாளைக் கையோடு எடுத்துப் போய், பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் கொய்யா, அந்தப் பக்கம் குரோட்டன்ஸ் என்று எழுதினேன். கொய்யா நிழல் கொடுக்கும், காய்க்கும், ஆனால் காத்திருக்க வேண்டும், கூட்டிப் பெருக்க வேண்டும். குரோட்டன்ஸ் வைத்த அன்றைக்கே அழகு, சிவப்பும் மஞ்சளுமாக வருஷம் முழுக்க அப்படியே இருக்கும், ஒரு கிளையை ஒடித்துச் செருகினாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் அதே சிவப்பு, அதே மஞ்சள்தான். என் ஓட்டு கொய்யாவுக்கு. கூட்டிப் பெருக்கப்போவது நானில்லை, தின்னப்போவது நான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. ஆனால் மத்தியஸ்தம் செய்ய வந்தவள் அதை வெளியில் காட்டலாமா? அதனால் அண்ணியின் கேள்விகளையே அவளிடம் திருப்பிக் கேட்டேன்.

"வெயில் எந்தப் பக்கம் அண்ணி?"

"கிழக்கு. பதினோரு மணி வரைக்கும் நல்லா விழும்."

"தண்ணி யார் ஊத்துவாங்க?"

"வேற யாரு? நான்தான்."

"இந்த வீட்டுல எத்தனை வருஷம் இருப்பீங்க?"

அண்ணி பத்தொன்பது வருஷம் ஊரைக் கேட்ட கேள்வி. "ஒரு ரெண்டு வருஷம் இருப்போம்," என்றாள். "அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "இது நம்ம வீடும்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா ரெண்டு வருஷம்?"

"வாய் தவறி வந்துடுச்சுங்க. விடுங்க, கொய்யாவே வைப்போம்."

அண்ணனுக்குப் பழத்தில் பெரிய ஆசை கிடையாது. வாங்கி வந்தால் மேஜை மேலேயே கிடந்து சுருங்கும். வீடு வாங்கி எட்டு மாசமாகியும் கட்டிலுக்கு அடியில் நாலு அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது, கடிகாரம் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது, அதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பெட்டியைப் பிரி என்று அவன் ஒரு நாளும் சொல்லவில்லை. தன் மனைவி ஒரு மரத்தைத் தரையில் வைத்துவிட்டு, இனிமேல் இங்கேதான் என்று ஒரு தடவை மனசார நினைத்துவிட்டால் போதும் அவனுக்கு. அதற்குத்தான் கொய்யா கொய்யா என்று குதித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நர்சரியிலேயே நல்ல பதியனாகப் பொறுக்கி எடுத்து வந்தாள் அண்ணி. குழியை அண்ணன் தோண்டினான். நடப்போகிற நேரத்தில் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் டேங்க் பைப் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது என்று போன் வந்தது. அவன் போய்விட்டுத் திரும்பி வரும்போது கொய்யா குழியில் நின்றது. மண்ணை மட்டமாகத் தட்டி, மேலே காய்ந்த இலைகளைப் பரப்பி, தண்ணீரும் ஊற்றி முடித்திருந்தாள். அண்ணன் அதைச் சுற்றி வந்து மூன்று கோணத்தில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். சிமெண்டும் சுவரும் தெரிந்த அளவுக்குச் செடி தெரியவில்லை.

ஒரு வருஷம் ஆயிற்று. கொய்யா வளரவில்லை.

சாகவும் இல்லை, அதுதான் எரிச்சல். புதுசாக நாலு இலை விடும், பழசில் நாலு மஞ்சளாகி விழும். கணக்கு சரியாக இருக்கும். அதே தாய் மரத்துப் பதியனை வாங்கிப்போன ஒரு போஸ்ட்மேன் நர்சரிக்கு வந்து, தன் வீட்டுக் கொய்யா பூத்துவிட்டது என்று அண்ணியிடமே சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் சும்மா இருப்பானா? "ஊருக்கெல்லாம் யோசனை சொல்ற கேள்விக்காரம்மா வீட்டுல கொய்யா இடுப்பைத் தாண்டல" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினான். அண்ணி மண்புழு உரம் போட்டாள், வேப்பம்புண்ணாக்கு போட்டாள், இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண் சரியில்லையோ என்று நான் கேட்டால், "இருக்கும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். ஆனால் அவள் தனக்கென்று கொண்டுவந்து பின்கதவுப் படியில் ஒரு தொட்டியில் வைத்த குரோட்டன்ஸ் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்தது. அதிலிருந்து ஒரு கிளையை ஒடித்து என்னிடம் கொடுத்து, "நீ வாடகைக்குத்தானே இருக்க, இதை வெச்சுக்கோ," என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. இப்போது அது என் கடை வாசலில் நிற்கிறது, போகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அது வேறு விஷயம்.

அப்புறம் ஒருநாள் சமையலறைத் தண்ணீர் போகாமல் பாத்திரம் தேய்க்கிற தொட்டியிலேயே நின்றது. ஊர் சாக்கடையெல்லாம் எடுத்துவிடுகிற அண்ணன் தன் வீட்டுச் சாக்கடையை நாலு நாள் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு வந்தான். அன்றைக்கு நான் அங்கே போயிருந்தேன். சும்மா இருக்காமல் மூக்கை நுழைத்தேன்.

"அண்ணி அன்னிக்கே சொன்னாங்க. கொய்யா வேர்தான் பைப்புல போயிருக்கும்."

"போயிருந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்!" அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். "இரு, தோண்டிக் காட்டறேன்."

"ஐயோ, வேரெல்லாம் இருக்காதுங்க," என்றாள் அண்ணி. "நான் அன்னிக்குச் சும்மா சொன்னது. பைப்பை இந்தப் பக்கமாப் பாருங்க. அங்க தோண்டாதீங்க."

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தான் ஜெயிக்கப்போகிற சண்டையை யாராவது வேண்டாம் என்று விடுவார்களா? அதுவும் என் அண்ணி?

அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காய்ந்த இலைகளை ஒதுக்கிவிட்டு, கொய்யாவுக்குப் பக்கத்தில் இரண்டு வெட்டு வெட்டினான். மூன்றாவது வெட்டில் மண்வெட்டி எதிலோ மாட்டிக்கொண்டது. குனிந்து கையால் மண்ணைத் தள்ளினான்.

"மண்ணுக்குள்ள கைப்பிடி இருக்கு," என்றான்.

"என்னது?" என்றேன் நான்.

இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் பிடித்துத் தூக்கினான். கடைக்குப் போய்த் திரும்புகிறவன் கையில் பை வருகிற மாதிரி கொய்யா மரம் அவன் கையோடு மேலே வந்தது. செடி வளர்க்கிற பெரிய கறுப்புப் பை. அதோடு சேர்த்துத்தான் நட்டிருக்கிறாள். அடியிலே ஒரு வேர்கூட வெளியே இல்லை.

"ஒரு வருஷமாச்சு. அடியில இருக்கற ஓட்டை வழியாவாவது வேர் இறங்கியிருக்கணுமே," என்றான் அண்ணன்.

"மாசத்துக்கு ஒரு தடவை தூக்கி வெச்சேன்," என்றாள் அண்ணி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எதுக்கு?"

நர்சரி வழக்கம் அது. பைகளைத் தரையில் ஒரே இடத்தில் விட்டுவைத்தால் வேர் ஓட்டை வழியாக வெளியே வந்து தரையைப் பிடித்துக்கொள்ளும். விற்கும்போது பிடுங்கினால் அறுந்து செடி வாடிவிடும். அதனால் மாசத்துக்கு ஒரு தடவை எல்லாப் பைகளையும் தூக்கி இடம் மாற்றி வைப்பார்கள். "அங்க மாசக் கடைசியில பூரா தூக்கி வெப்போம்," என்றாள் அண்ணி. "வீட்டுக்கு வந்தா கை தானா போகுது. நீங்க வேலைக்குப் போன அப்புறம் ஒரு தூக்கு தூக்கி வெச்சுடுவேன்."

எனக்கு வந்ததே சிரிப்பு! படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக மண்புழு உரமும் புண்ணாக்கும் போட்டுவிட்டு, மாசத்துக்கொரு தடவை மரத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் மகராசி. அண்ணனுக்கும் சிரிப்பு முட்டியது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"பையோட எதுக்கும்மா வெச்ச?" என்றான் அண்ணன், மெதுவாக.

"காலி பண்ணச் சொன்னா தூக்கிட்டுப் போயிடலாம்னு."

"யாரு சொல்லுவா? நானா?"

"தெரியலைங்க," என்றாள். "யாராவது வருவாங்க."

சிரித்த முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதினாலு காய் என் ஞாபகத்துக்கு வந்தது. அழுகை வந்தது, மறைத்துக்கொண்டேன். நாத்தனார் அழுதால் ஊர் நம்பாது.

அண்ணன் உள்ளே போய்ப் பைப் அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்து வந்தான். மரத்தை அவள் முன்னால் வைத்தான். "இந்தா. நீயே அறு."

"வேர் நெஜமாவே பைப்புக்குள்ள போயிடுச்சுன்னா?"

"போகட்டுமே. எடுத்து விடறேன். அஞ்சு வருஷம் கழிச்சுப் போனாலும் எடுத்து விடறேன், இருபது வருஷம் கழிச்சுப் போனாலும் எடுத்து விடறேன். நான் எங்க போகப்போறேன்? இங்கதானே இருக்கப்போறேன்."

அண்ணி பிளேடை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பிறகு மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக அறுத்தாள். பை இரண்டாகப் பிளந்தது. உள்ளே வேர்கள் போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி, பையின் வடிவத்திலேயே கெட்டித்துப் போயிருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்கு நர்சரிக் கோபம் வந்துவிட்டது.

"யாரு இதைப் பையோட வெச்சது? அறிவு வேணாம்? ஒரு உசுரை இப்படியா சுத்திச் சுத்தி வர விடுவாங்க?"

"அதானே," என்றான் அண்ணன். "யாருன்னு தெரிஞ்சா ரெண்டு வார்த்தை கேக்கலாம்."

ஒவ்வொரு வேராக விரலால் பிரித்தாள். அழுகியதைக் கத்தரித்தாள். குழியை இன்னும் ஒரு முழம் ஆழமாகத் தோண்டச் சொன்னாள். இறக்கி வைத்து, மண்ணைத் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் சுற்றி மிதித்தாள். மிதித்தது போதும் என்று நான் சொன்ன பிறகும் இரண்டு சுற்று மிதித்தாள். பைப் அடைப்புக்குக் காரணம் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் என்று அப்புறம் அண்ணன் கண்டுபிடித்தான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவள் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். "என்னங்க, ஆணி இருக்கா?"

"எதுக்கு?"

"சுத்தியலும் வேணும்."

அண்ணன் ஓடிப்போய் வேலைப் பையைத் திறந்தான். "டிரில் இருக்கும்மா. ஓட்டை சுத்தமா விழும், சத்தமும் கம்மி," என்றான், தட்டுத் தடுமாறி.

"சத்தம் வரட்டும்," என்றாள் அண்ணி.

அவளே ஸ்டூல் போட்டு ஏறினாள். முதல் அடியில் ஆணி தெறித்து ஓடியது, தேடி எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது அடியில் உள்ளங்கையளவு சுவர்ப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. அண்ணி கீழே எங்களைத் திரும்பிப் பார்த்தாள், யாரோ திட்டப்போகிற மாதிரி. ஒருவரும் திட்டவில்லை. அதற்குப் பிறகு அவள் அடித்த அடி பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். ஆணி கோணலாக இறங்கி நின்றது. கடிகாரத்தைத் துடைத்து அவளிடம் கொடுத்தேன், மாட்டினாள், இறங்கி வந்தாள். ஒன்பது வீடு பார்த்த கடிகாரம் முதன்முதலாகச் சுவரில் தொங்கியது. மூன்று பேரும் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நேரா இருக்கா?" என்று அண்ணி என்னைக் கேட்டாள்.

வலது பக்கமாக நன்றாகவே சாய்ந்திருந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், எனக்குத் தெரியும்.

"நேராத்தான் இருக்கு அண்ணி," என்றேன்.